இங்கிலாந்தில் நாயோடு வெளியே செல்பவர்களுக்கு: கவுன்சில் ஆணையைத் தேடிப் படித்து நடக்கும் முறை

இங்கிலாந்தில் நாய் வளர்க்க உரிமம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாயை அழைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும் எவரும் இரண்டு அடுக்கு விதிகளுக்குள் வந்துவிடுகிறார். முதல் அடுக்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள். அவை எல்லா ஊர்களுக்கும் பொதுவானவை. இரண்டாவது அடுக்கு, அந்தந்த ஊரின் உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் பிறப்பிக்கும் ஆணை. அது ஊருக்கு ஊர் மாறும், ஒரே ஊருக்குள்ளும் பூங்காவுக்குப் பூங்கா மாறும். லண்டனின் வடமேற்கில் கென்டன் சாலையின் சில பகுதிகளில் ஒரு பக்கம் ஹாரோ கவுன்சிலுக்கும் எதிர்ப்பக்கம் பிரென்ட் கவுன்சிலுக்கும் உரியது. அங்கே சாலையைக் கடந்து செல்பவர் ஒரு கவுன்சிலின் ஆணையை விட்டு மற்றொன்றின் ஆணைக்குள் நுழைகிறார் என்பதை அவருக்கு நினைவூட்ட எந்தக் கோடும் தரையில் போடப்படவில்லை. எனவே நண்பர் சொன்னதையோ, முன்பு குடியிருந்த ஊரின் வழக்கத்தையோ நம்பி நடப்பது போதாது. ஆணையையே எடுத்துப் படிக்க வேண்டும்.

நாய் வளர்ப்பவர்களுக்கு மட்டுமன்றி, நாயைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த விதிகளில் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். பூங்காவில் உள்ள இடம் இரு சாராருக்கும் உரியது. அதை எப்படிப் பங்கிடுவது என்று எழுதி வைத்த ஆவணமே கவுன்சில் ஆணை.

ஆணையின் அடிப்படை

2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தை, குற்றம், காவல் ஆகியவற்றுக்கான சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள கவுன்சில்களுக்குப் பொது இடப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தைத் தந்தது. அதற்கு முன் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாய்க் கட்டுப்பாட்டு ஆணைகள் என்ற தனி வகை இருந்தது. அவற்றின் இடத்தைப் புதிய ஆணைகள் பிடித்துக்கொண்டன. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வேறு சட்டங்கள் நடப்பில் உள்ளன. வட அயர்லாந்தில் நாய்க்கு உரிமம் வாங்குவது இன்றும் கட்டாயம் என்பதால், அங்கே குடிபெயர்பவர்கள் இக்கட்டுரையை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

கவுன்சில் தன் விருப்பப்படி இத்தகைய ஆணையைப் போட்டுவிட முடியாது. ஒரு பொது இடத்தில் நடக்கும் செயல்கள் அப்பகுதி மக்களின் வாழ்க்கைத் தரத்தைக் கெடுக்கின்றன அல்லது கெடுக்கக்கூடும், அந்தக் கேடு தொடர்ந்து நிகழும் தன்மையுடையது, அச்செயல்கள் நியாயமற்றவை, விதிக்கும் கட்டுப்பாடு அந்தக் கேட்டுக்கு ஏற்ற அளவில் உள்ளது என்ற இவை அனைத்தும் நியாயமாக நிறுவப்பட வேண்டும். காவல்துறையையும் பொருத்தமான சமூகப் பிரதிநிதிகளையும் கலந்தாலோசிக்க வேண்டும். அவ்வாறு பிறப்பிக்கப்பட்ட ஆணையும் ஒரு தடவையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லுபடியாகாது; தேவை தொடர்ந்தால் கவுன்சில் அதை முறைப்படி நீட்டிக்க வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் இந்த மூன்றாண்டுக் கெடுவை மனத்தில் வைத்திருப்பது நல்லது. விதிகள் மாறுவதற்கு வாய்ப்புள்ள காலம் எது என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடும்.

தேடுவதும் படிப்பதும்

முதலில் உங்கள் அஞ்சல் குறியீட்டை அரசின் இணையதளத்தில் கொடுத்து, நீங்கள் நாயை அழைத்துச் செல்லும் இடம் எந்தக் கவுன்சிலுக்குள் வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். வீடு இருக்கும் கவுன்சிலும் பூங்கா இருக்கும் கவுன்சிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பிறகு அக்கவுன்சிலின் இணையதளத்தில் ‘பப்ளிக் ஸ்பேசஸ் ப்ரொடெக்‌ஷன் ஆர்டர்’ என்பதையோ, சுருக்கமாக ‘பி.எஸ்.பி.ஓ.’ என்பதையோ ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால் ஆணையின் நகல் கிடைக்கும். ஆணையை இணையதளத்தில் வெளியிடுவதும், அந்த இடத்திலோ அதை ஒட்டியோ மக்களின் கவனத்துக்கு எட்டும்படி போதிய அறிவிப்புப் பலகைகள் வைப்பதும் கவுன்சிலின் சட்டக் கடமைகள்.

பல கவுன்சில்கள் ஆணையின் சாரத்தை எளிய மொழியில் ஒரு பக்கத்தில் தந்திருக்கும். அதோடு நின்றுவிடாமல் மூல ஆணையைத் திறந்து, அதன் பின்னிணைப்புக்குச் செல்லுங்கள். எந்தெந்தப் பூங்கா, எந்தெந்த விளையாட்டுத் திடல், எந்த இடுகாடு, கடற்கரையின் எந்தப் பகுதி என்ற பட்டியலும் வரைபடங்களும் அங்கேதான் இருக்கும். ஒரே பூங்காவில் குழந்தைகள் விளையாடும் வேலியிட்ட பகுதிக்கு நாய் நுழையத் தடையும், பூந்தோட்டத்துக்குக் கயிற்றில் பிடித்துச் செல்லும் நிபந்தனையும், மீதியுள்ள புல்வெளிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நிலையும் இருப்பது சாதாரணம். வரைபடத்தின் நிறக்குறிப்பைப் பார்க்காமல் இந்த வேறுபாடு பிடிபடாது. அடுத்து, ஆணை நடைமுறைக்கு வந்த தேதியையும் முடிவடையும் தேதியையும் பாருங்கள். முடிவுத் தேதி கடந்திருந்தால் ஆணை தானாக ஒழிந்துவிட்டது என்று முடிவுசெய்யாமல், நீட்டிப்பு ஆணை ஒன்று தனியாக வெளியாகியிருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாத் திறந்தவெளியும் கவுன்சிலின் நிர்வாகத்தில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ரிச்மண்ட் பூங்காவும் புஷி பூங்காவும் அரச பூங்காக்கள். அங்கே மான்கள் திரிவதால், அவை குட்டி போடும் பருவத்தில் நாய்களுக்கு என்று தனி விதிகள் உண்டு. எப்பிங் காடும் ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தும் லண்டனின் நடுவே உள்ள சிறிய ‘சிட்டி ஆஃப் லண்டன்’ எல்லைக்கு வெளியே இருந்தாலும் அவற்றை நிர்வகிப்பது லண்டன் மாநகரக் கார்ப்பரேஷன். இவ்விடங்களின் விதிகளை அந்தந்த நிர்வாகத்தின் இணையதளத்தில்தான் தேட வேண்டும்.

ஆணைகளில் வழக்கமாக வரும் கட்டுப்பாடுகள்

ஏறத்தாழ எல்லா ஆணைகளிலும் முதலிடம் பெறுவது மலத்தை அகற்றும் கடமை. இந்தக் கடமை நாயின் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று. அந்த நேரத்தில் நாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவருக்கே உரியது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ அப்பாவோ மாலையில் நாயை நடத்திச் சென்றால், சட்டத்தின் பார்வையில் பொறுப்பாளர் அவர்தான். ஆகவே அவர்களுக்கும் விதியைத் தெளிவாக எடுத்துச் சொல்லிப் பைகளைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். ‘நாய் போனதை நான் பார்க்கவில்லை’, ‘கையில் பை இல்லை’ என்ற இரண்டும் ஏற்கத்தக்க காரணங்கள் அல்ல என்று பல ஆணைகள் வெளிப்படையாகவே எழுதியிருக்கின்றன. சில கவுன்சில்கள் இன்னும் ஒரு படி சென்று, மலத்தை எடுக்கத் தேவையான பை உங்களிடம் இருப்பதை அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும் என்றும் விதித்துள்ளன. ஆகவே சட்டைப்பையில் எப்போதும் ஒன்றிரண்டு பைகள் கூடுதலாக இருக்கட்டும். எடுத்த பையைக் கட்டி, நாய்க் கழிவுக்கான தொட்டியில் போடுங்கள். அது இல்லாத இடங்களில் சாதாரணக் குப்பைத்தொட்டியிலும் போடலாம் என்று பெரும்பாலான கவுன்சில்கள் அனுமதிக்கின்றன. பையைச் செடியில் தொங்கவிட்டுச் செல்வது மலத்தை அகற்றியதாக ஆகாது.

இந்த விதியை வெறும் தூய்மைப் பிரச்சினையாக நினைப்பவர்கள் உண்டு. நாயின் குடலில் வாழும் டாக்சோகாரா என்ற உருண்டைப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அவை சென்றால், அரிதாகவேனும், பார்வையைப் பாதிக்கக்கூடும். குழந்தைகள் விளையாடும் பகுதிகளில் நாய்களுக்கு முழுத்தடை விதிக்கப்படுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். மேய்ச்சல் நிலத்திலும் இதே அக்கறை வேண்டும். நாய்க் கழிவின் வழியே பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி பசுக்களைக் கருச்சிதைவுக்கு உள்ளாக்குகிறது. நாய்க்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் புழு மருந்து கொடுப்பதைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், பூங்காவுக்குச் செல்லும் நாய்க்கு அதைத் தவறவிடாதீர்கள்.

இரண்டாவது வகை, கயிற்றில் பிடித்தே செல்ல வேண்டிய இடங்கள்: இடுகாடுகள், விளையாட்டு நடக்கும் நேரத்தில் திடல்கள், சில ஊர்களில் எல்லாச் சாலைகளும் நடைபாதைகளும். கயிற்றின் அதிகபட்ச நீளத்தையும் சில ஆணைகள் குறிப்பிடும். சுருண்டு நீளும் கயிறு வைத்திருப்பவர்கள் அந்த அளவில் பூட்டி வைக்க வேண்டும்.

மூன்றாவது வகையைப் பலர் அறிந்திருப்பதில்லை. நாயை அவிழ்த்துவிட அனுமதியுள்ள இடத்திலும், அதிகாரம் பெற்ற அலுவலர் ‘கயிற்றில் கட்டுங்கள்’ என்று கேட்டால் உடனே கட்ட வேண்டும் என்ற விதி அது. நாய் பிறரைத் தொந்தரவு செய்யும்போதோ, பறவைகளையும் பிற விலங்குகளையும் துரத்தும்போதோ அலுவலர் இப்படிக் கேட்கலாம். கேட்டபின் மறுப்பதுதான் குற்றம். கேட்பதற்கு முன் நாய் அவிழ்ந்திருந்தது குற்றம் அன்று. இந்த விதியை நான் நியாயமானதாகவே கருதுகிறேன், ஏனென்றால் ஒழுங்காக நடக்கும் நாய்களின் சுதந்திரத்தைப் பறிக்காமல், அடங்காத ஒரு நாயை மட்டும் அந்த நேரத்துக்குக் கட்டுப்படுத்த இது வழிசெய்கிறது. எல்லா நாய்களுக்கும் எல்லா நேரத்திலும் கயிறு என்று ஆணையிடும் கவுன்சில்கள் முதலில் இந்த வழியை முயன்று பார்க்க வேண்டும். நாய்க்கு அதன் இயல்பான நடத்தைக்கு இடமளிக்கும் கடமையை 2006ஆம் ஆண்டின் விலங்குகள் நலச் சட்டம் வளர்ப்பவர்மீது சுமத்துகிறது; ஓடித் திரிய ஓர் இடமும் இல்லாத ஊரில் அந்தக் கடமையை அவர் எப்படி நிறைவேற்றுவார்?

நாய் நுழையவே கூடாத இடங்கள் நான்காவது வகை. விளையாட்டுப் பகுதிகள் தவிர, கடற்கரைகளும் இதில் அடங்கும். பிரைட்டன், போர்ன்மத் போன்ற கடலோர ஊர்களில் கடற்கரையின் குறிப்பிட்ட பகுதிகளுக்கு மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாய்களைக் கொண்டுசெல்ல முடியாது. குளிர்காலத்தில் போய் வந்த அனுபவத்தை நம்பிக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு செல்பவர்கள் புறப்படுமுன் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். ஐந்தாவது வகை, ஒருவர் ஒரே நேரத்தில் அழைத்துச் செல்லும் நாய்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. காசு வாங்கிக்கொண்டு பல நாய்களை நடத்திச் செல்பவர்களை முக்கியமாகக் கருதி இது விதிக்கப்படுகிறது. சில கவுன்சில்கள் அவர்களுக்குத் தனி உரிமம் வழங்குகின்றன. உங்கள் நாயை அப்படி ஒருவரிடம் ஒப்படைப்பதாக இருந்தால், அவரிடம் உரிமத்தையும் காப்பீட்டையும் கேட்டுப் பாருங்கள்.

பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் பிற மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைசெய்யப் பயிற்சிபெற்ற நாய்களுக்கு ஆணைகள் பொதுவாக விலக்கு அளிக்கின்றன. விலக்கின் சரியான எல்லை ஆணையின் வாசகத்திலேயே இருக்கும்.

கவுன்சில் ஆணை இல்லாத இடத்திலும் பின்பற்ற வேண்டியவை

பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டின் அரசு ஆணை. தோலுக்கடியில் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்) பொருத்திவிட்டோம், தகடு எதற்கு என்று எண்ணக்கூடாது. இரண்டும் தனித்தனிக் கடமைகள். எட்டு வாரம் நிறைவதற்குள் மைக்ரோசிப் பொருத்துவது 2016 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் கட்டாயமாகியுள்ளது. வீடு மாறியபின் முகவரியைப் பதிவேட்டில் திருத்தாவிட்டாலும் நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும். அபராதம் 500 பவுண்டு வரை போகலாம்.

1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. அது சில இனங்களுக்கு மட்டும் உரியது என்றும், நாய் கடித்தால்தான் பொருந்தும் என்றும் பலர் எண்ணுகிறார்கள். அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு எல்லா நாய்களுக்கும் பொருந்தும். கடிக்கப்போகிறது என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி நாய் நடந்துகொண்டாலே, அது ஆபத்தான முறையில் கட்டுப்பாடின்றி இருந்ததாகக் கருதப்படலாம். 2014 முதல் தனியார் இடங்களிலும், உங்கள் சொந்த வீட்டிலும்கூட இது செல்லும். ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் ஐந்து ஆண்டுகள் வரையும், உயிரிழப்பு நேர்ந்தால் 14 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. துள்ளிக் குதித்து முகத்தை நக்க வரும் இளம் நாயை ‘ஒன்றும் செய்யாது’ என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்து வருவது எத்தனை பெரிய அலட்சியம் என்பதை இந்தப் பிரிவைப் படித்தபின் உணரலாம். எதிரே வருபவர் ஒதுங்குவதைக் கண்டால் அழைத்துப் பிடித்துவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ, எக்ஸ்எல் புல்லி ஆகிய ஐந்து வகைகளும் தடைசெய்யப்பட்டவை. கடைசியாகச் சொன்ன வகைக்கு 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சான்றிதழ் பெற்ற நாயைப் பொது இடத்தில் கயிற்றோடும் வாய்மூடியோடும் மட்டுமே கொண்டுசெல்லலாம்.

கிராமப்புறத்துக்கு நடைப்பயணம் செல்பவர்கள், பொதுமக்கள் நடந்து செல்லச் சட்டம் உரிமை தந்துள்ள திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரையும், கால்நடைகளுக்கு அருகில் எந்த மாதத்திலும், இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் நாயைப் பிடித்துச் செல்ல வேண்டும். மார்ச் முதல் ஜூலை வரை தரையில் கூடுகட்டும் பறவைகளின் இனப்பெருக்கக் காலம். இதற்கு ஒரு விதிவிலக்கையும் நினைவில் வையுங்கள்: மாடுகள் உங்களை நோக்கி விரட்டி வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாடுகள் குறிவைப்பது நாயை. அது ஓடித் தப்பித்துவிடும், கயிற்றைப் பிடித்திருக்கும் மனிதரால் முடியாது.

அபராதச் சீட்டு தரப்பட்டால்

கவுன்சிலின் அலுவலர், அது நியமித்த தனியார் நிறுவனத்தின் ஊழியர், காவல்துறையினர் என அதிகாரம் பெற்ற எவரும் சீட்டுக் கொடுக்கலாம். அடையாள அட்டையைக் காட்டுமாறு மரியாதையாகக் கேளுங்கள். பெயரையும் முகவரியையும் பொய்யாகச் சொல்லாதீர்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அபராதத்துக்கு 100 பவுண்டு என்ற வரம்பை வைத்தது. அதை உயர்த்தும் முயற்சிகள் நாடாளுமன்றத்தில் நடந்திருப்பதால், சீட்டில் அச்சிட்டுள்ள தொகையையே கணக்கில் கொள்ளுங்கள். முன்கூட்டிக் கட்டினால் பல கவுன்சில்கள் தொகையைக் குறைக்கின்றன. கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்காக வழக்குத் தொடர மாட்டார்கள். கட்டாவிட்டால் விஷயம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

சீட்டு தவறாகத் தரப்பட்டது என்று நம்பினால், வாகன நிறுத்தச் சீட்டுக்கு இருப்பது போன்ற தனி மேல்முறையீட்டு மன்றம் இதற்கு இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கவுன்சிலுக்கு எழுத்து மூலம் விளக்கம் அனுப்பலாம். ஏற்காவிட்டால் நீதிமன்றத்தில் வாதாடலாம். அதற்கு அன்றே சான்றுகளைச் சேகரிக்க வேண்டும். அறிவிப்புப் பலகை எங்கே இருந்தது, விழுந்து கிடந்ததா, மறைந்திருந்ததா, நீங்கள் நின்ற இடம் ஆணையின் வரைபடத்துக்குள் வருகிறதா, ஆணை அன்றைக்குச் செல்லுபடியாகும் நிலையில் இருந்ததா என்ற கேள்விகளுக்குப் படங்களோடு விடை தயாரியுங்கள். குற்றம் நடந்ததற்கு நியாயமான காரணம் இருந்ததா என்பதையும் சட்டம் கேட்கிறது. இதற்கிடையே, சீட்டில் குறித்துள்ள கெடு உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்காது, கெடுவுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

நாயால் தொந்தரவுக்கு உள்ளானவர்கள் செய்ய வேண்டியவை

தாக்குதல் நடந்துகொண்டிருந்தால் 999ஐ அழையுங்கள். முடிந்துபோன நிகழ்வுக்குக் காவல்துறையின் 101 எண். கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் நன்கு கழுவி, மருத்துவ உதவி பெறுங்கள். ஊரில் வெறிநாய்க்கடியின் கொடுமையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு ஓர் ஆறுதல்: 1922க்குப் பிறகு பிரிட்டனின் நாய்களிடையே அந்நோய் நிலைகொள்ளவில்லை. ஆயினும் நாயின் வாயிலுள்ள கிருமிகளால் காயம் சீழ்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் மருத்துவரைத் தவிர்க்கக்கூடாது.

மலம், கயிறில்லாத நாய், விளையாட்டுப் பகுதிக்குள் நாய் போன்றவற்றைக் கவுன்சிலின் இணையதளத்தில் முறையிடலாம். ‘எப்போதும் நாய்கள் தொல்லை’ என்று எழுதினால் எதுவும் நடக்காது. தேதி, நேரம், பூங்காவின் எந்த வாயிலுக்கு அருகில், நாயின் தோற்றம், அது என்ன செய்தது, பொறுப்பாளர் எந்தத் திசையில் போனார் என்று எழுதுங்கள். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடப்பது பதிவானால்தான் கவுன்சில் அந்த நேரத்துக்கு ஓர் அலுவலரை அனுப்ப முடியும். குறிப்பிட்ட ஒருவரால் தொடர்ந்து தொல்லை என்றால், பூங்கா முழுவதற்கும் கட்டுப்பாடு விதிக்காமல், அவருக்கு மட்டும் எழுத்து மூலமான எச்சரிக்கையும் அதற்குப் பின் சமூகப் பாதுகாப்பு அறிவிப்பும் கொடுக்கவும் அதே 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. அந்த வழியைக் கோருங்கள்.

ஆணை புதிதாக வரும்போதோ நீட்டிக்கப்படும்போதோ கவுன்சில் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். நம்மவர்கள் வாய்திறவாமல் இருந்துவிடும் இடம் இதுதான், அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் பகுதிகளிலும், நாய் அச்சத்தால் பூங்காவின் ஒரு மூலைக்கே போகாத பாட்டிகளின் குரல் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. ஆங்கிலம் தடையாக இருந்தால் பிள்ளைகள் உட்கார்ந்து அவர்களுக்காகப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். எந்தப் பூங்கா, எந்தப் பகுதி, எந்த நேரம் என்று குறிப்பிட்டு எழுதுவதோடு, எது தீர்வாகும் என்றும் எழுதுங்கள்: வேலியிட்ட தனிப்பகுதி, பள்ளி விடும் நேரத்தில் மட்டும் கயிறு, நடைபாதையை ஒட்டி மட்டும் கயிறு. நாய் வளர்ப்பவர்களும் இதே முறையில், முழுத்தடைக்குப் பதிலாக எந்த ஏற்பாட்டை ஏற்பீர்கள் என்று எழுதுங்கள்.

கருத்துக்கேட்பு முடிந்து ஆணை பிறந்தபின் அதன் செல்லுபடியை எதிர்க்க விரும்பும் உள்ளூர்வாசிகளும், அங்கே வழக்கமாக வேலைக்கோ வேறு தேவைக்கோ வந்துபோகிறவர்களும், ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். ரிச்மண்ட் அபான் தேம்ஸ் கவுன்சிலின் நாய் ஆணை இப்படித்தான் சவாலுக்கு உள்ளாகி, 2018இல் தீர்ப்பானது. ஒருவருக்கு நான்கு நாய்கள் என்ற வரம்பு அவ்வழக்கில் நிலைத்தது. வழக்குச் செலவைத் தாங்க முடியாதவர்கள் தங்கள் வட்டாரத்தின் கவுன்சில் உறுப்பினருக்கு எழுதி, அடுத்த நீட்டிப்புக்கு முன் அந்த விதியை மறுபரிசீலிக்கக் கேட்கலாம். ஆணையின் முடிவுத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாக எழுதினால், கவுன்சில் புதிய வரைவைத் தயாரிக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் அவர்கள் மேசையில் இருக்கும்.